அமைதியான தெருவில் யாருக்கு இடம் உண்டு?



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த திருவரங்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காதா என்று தேடுவோர் பலர். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ விடியற்காலையில் நடந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். வாசல் தெளிக்கும் ஓசை, புதிதாய் இட்ட கோலம், அம்மா மண்டபத்தில் நீராடித் திரும்புவோரின் ஈரக் காலடிகள். வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் ஊர் நிரம்பி வழிந்தாலும், மற்ற நாள்களில் அத்தெருக்கள் அமைதியானவை. பணி ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வந்தவர்களும், திருச்சியின் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் வேலை பார்ப்பவர்களும் அந்த அமைதியை நாடியே அங்கு வீடு கேட்டு வருகிறார்கள்.

ஆனால் வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. சொந்த ஊர் எது? தகப்பனார் பெயர் என்ன? வீட்டில் என்ன சமைப்பீர்கள்? எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்? இக்கேள்விகள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன என்பதைக் கேட்பவரும் அறிவார், பதில் சொல்பவரும் அறிவார். சில அறிவிப்புகளில் இந்தச் சுற்றுவழியும் இல்லை; இன்ன சாதியார்க்கு மட்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்கள். சபைக் குடும்பங்களுக்காக வீடு விசாரிக்கச் சென்ற இடங்களில், பெயரைச் சொன்ன மாத்திரத்தில் "வீடு பேசி முடிஞ்சிருச்சுங்க" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பேசி முடிந்த அவ்வீட்டின் வாசலில் அடுத்த மாதமும் அதே பலகை தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைத் திருவரங்கத்தின் குற்றமாக மட்டும் சொல்லுதல் நியாயமாகாது. தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும், எந்தச் சமூகத்தார் பெரும்பான்மையாக வாழும் தெருவிலும் இது நடக்கிறது. எனினும் அமைதிக்குப் பெயர்பெற்ற ஊரில் இக்கேள்வி கூர்மையாகிறது. ஏனெனில் அங்கே வீட்டுக்காரர் சொல்லும் காரணம் வெறுப்பாக இருப்பதில்லை. "தெரு அமைதியாக இருக்கவேண்டும்" என்பதே அவர் சொல்லும் காரணம். ஆகவே இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இது: ஒரு தெருவின் அமைதி எதனால் உண்டாகிறது? அங்கு வாழ்வோரின் நடத்தையாலா, அவர்களின் பிறப்பாலா?

இதே திருச்சி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று நெதர்லாந்தில் வேலை செய்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்தல்வேன் நகரத்தில் இந்தியக் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. ஐந்தோவனை அடுத்த வெல்தோவனில், சில்லு செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஏ.எஸ்.எம்.எல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அங்கும் நம்மவர் உண்டு. அந்நாட்டுப் புறநகர்த் தெருக்களின் அமைதி உலகறிந்தது. வரிசையாக ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்கள், பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் சிறுவர்கள். அங்கு வாடகைக்கு வருகிறவர்மீது எதிர்பார்ப்புகள் பல உண்டு. இரவில் இரைச்சல் கூடாது. குப்பையைப் பிரித்து, உரிய நாளில், உரிய இடத்தில் வைக்கவேண்டும். வீட்டோடு சேர்ந்த சிறு தோட்டத்தைப் பேணவேண்டும். இவை யாவும் நடத்தையைப் பற்றியவை. எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை.

அந்நாடும் குற்றமற்றதன்று. வெளிநாட்டுப் பெயர் தாங்கியவர்களுக்கு வீட்டைக் காட்டாமலே தட்டிக்கழிக்கும் வழக்கம் அங்கும் இருந்தது என்பது ஆய்வுகளில் வெளிப்பட்டது. அவர்களுடைய அரசமைப்பின் முதல் உறுப்பே பாகுபாட்டைத் தடை செய்கிறது. அது மட்டும் போதாது என்று கண்டு, 2023 ஜூலை 1 முதல் நல்ல முறையில் வாடகைக்கு விடுதல் பற்றிய தனிச் சட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் தெளிவாக இருக்கவேண்டும். மறுக்கப்பட்டவருக்குத் தேர்வின் காரணத்தைச் சொல்லவேண்டும். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. மீறுவோருக்கு நகராட்சி அபராதம் விதிக்கலாம். இவையே அச்சட்டத்தின் சாரம்.

நம் வீட்டுப் பிள்ளை அந்நியனாய் ஒரு வாசலில் நிற்கும்போது இச்சட்டம் அவனுக்குப் பாதுகாப்பாக நிற்கிறது. அவனுடைய பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் முகவரைப்பற்றி அவன் தொலைபேசியில் சொல்லும்போது நமக்கு மனம் வேகிறது. அதே வாரத்தில், அவன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீட்டுக்கு ஆள் கேட்டு வரும்போது, நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? ஒரே குடும்பம் இரண்டு வாசல்களில் நிற்கிறது. ஒன்றில் இரக்கம் வேண்டி நிற்கிறது. மற்றொன்றில் இரக்கத்தை மறுத்து நிற்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்கவேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. வாடகை, பழுதுபார்ப்பு, வெளியேற்றம் என எல்லாவற்றையும் பேசும் அச்சட்டம், யாருக்கு வீடு மறுக்கக்கூடாது என்பதைப் பேசவில்லை. அரசமைப்பின் 15-ஆம் உறுப்பு அரசின் பாகுபாட்டைத் தடுக்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. தனியார் வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. "வீடு பேசி முடிஞ்சிருச்சுங்க" என்ற ஒரு வாக்கியம் அச்சட்டத்தைக் கடந்துபோகப் போதுமானதாக இருக்கிறது. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சாட்சிதான் காவல் நிற்கவேண்டும்.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் நாம் பொறுமையோடு கேட்கவேண்டும். வாழ்நாள் சேமிப்பில் எழுப்பிய வீடு. கீழே வயதான தாய், மேலே குடித்தனம். ஒரே கிணறு, ஒரே மாடிப்படி, ஒட்டிய சமையலறைச் சுவர். பிறந்தது முதல் புலால் உண்ணாத மூதாட்டிக்கு மீன் வாசனை உண்மையாகவே துன்பம் தரக்கூடும். அதைக் கேலி செய்வது அன்பாகாது. தன் வீட்டில் இன்னது சமைக்கவேண்டாம் என்று கேட்க அவருக்கு இடம் உண்டு.

ஆனால் அந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வீடு கேட்டு வந்தவர், "இங்கே நான் புலால் சமைக்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். அதன்பின் வீடு கிடைத்தால், நிபந்தனை உணவைப் பற்றியதுதான். அதன்பின்னும் கதவு மூடினால், உணவு ஒரு திரையாக இருந்தது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. தனித்து வாழும் பெண்ணுக்கும், கணவனை இழந்தவருக்கும், இசுலாமியப் பெயர் கொண்டவருக்கும் எந்த வாக்குறுதியாலும் திறக்காத கதவுகள் எத்தனை என்பதை வீட்டுத் தரகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திருவரங்கத்தின் மரபே இதற்கு மாறான சாட்சி கூறுகிறது என்பதை அவ்வூர்ப் பெரியவர்களிடம் மதிப்போடு நினைவூட்ட விரும்புகிறேன். உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், தீவில் கால் வைக்கத் துணியாமல் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார் என்றும், அவர்மீது கல்லெறிந்த உலோகசாரங்க முனிவரே இறுதியில் அவரைத் தம் தோளில் சுமந்து திருமுன் கொண்டுசேர்த்தார் என்றும் வைணவ மரபு போற்றிச் சொல்கிறது. அதே ஆலயத்தினுள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. அவர் நினைவாக அங்கே ரொட்டி படைக்கப்படுகிறது. ஆற்றங்கரையில் நின்றவருக்குக் கருவறைவரை வழி திறந்தது என்று கொண்டாடும் ஊரில், இசுலாமியப் பெண்ணாகச் சொல்லப்படுபவருக்கு ஆலயத்தினுள்ளேயே இடம் தந்த ஊரில், மாத வாடகை கொடுத்து ஒரு மாடி வீட்டில் குடியிருக்க வருகிறவரின் பிறப்பை ஆராய்வது பொருந்துமா?

இன்னொன்றும் உண்டு. திருவரங்கத்தில் வீட்டுக்காரர்கள் பலருக்கே தாங்கள் நிற்கும் மண் உறுதியானதாக இல்லை. வீடு தங்களுடையது, அடிமனையோ கோயிலுக்குரியது என்ற கோரிக்கை எழுந்து, விற்கவும் பத்திரம் பதியவும் இயலாமல் தவித்த குடும்பங்கள் அங்கே ஏராளம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் "இது உனக்குரியதன்று" என்று கேட்பது எவ்வளவு வலி என்பதை அவர்கள் அறிவார்கள். நிலம் எவருக்கும் நிரந்தரமன்று, மனிதர் அதில் தங்கிச் செல்வோரே என்பது மோசேயின் சட்டத்திலும் கண்ட கருத்து. தன்னையும் ஒரு குடித்தனக்காரனாக எண்ணுகிறவன், வாசலில் நிற்கும் இன்னொரு குடித்தனக்காரனிடம் கடுமை காட்டமாட்டான்.

அயலாரின் வீட்டைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் விடலாகாது. "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்ற அறிவிப்பு நம்மவர் வாசல்களிலும் தொங்குகிறது. அதற்குள்ளேயும் சாதி விசாரணை நடக்கிறது. திருச்சி மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுந்ததையும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததையும் இந்நகரம் மறக்கவில்லை. வாடகையே கேட்காத அந்தக் கடைசி வீட்டிலும் பிறப்பைக் கேட்டவர்கள் நாம். ஆகவே எவரையும் நோக்கி விரல் நீட்டும் தகுதியில் இதை எழுதவில்லை. ஒரே நோயுள்ள அயலாரிடம் பேசுவதுபோல் எழுதுகிறேன்.

1760-களில் திருச்சிக்கு ஊழியத்திற்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், தம் படுக்கைக்கும் தமக்கும் மட்டுமே இடம் போதுமான சிறிய அறையொன்றில், பழைய இந்துக் கட்டடம் ஒன்றினுள் குடியிருந்தார் என்று அவரை அறிந்தவர் எழுதிவைத்தார். வேற்று நாட்டாருக்கும் வேற்று மதத்தாருக்கும் அன்று இந்நகரத்தில் ஓர் அறை இருந்தது. அப்போஸ்தலனாகிய பவுல், ரோம் நகரில் காவலில் இருந்த இரண்டு ஆண்டுகளும் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் நூல் முடிகிறது. சங்கிலியோடு வந்த ஒரு யூதக் கைதிக்கு ரோமில் யாரோ ஒருவர் வீடு கொடுத்தார். அவருடைய பெயரை வேதம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்த எல்லாரையும் பவுல் ஏற்றுக்கொண்டார். ஒருவர் கதவைத் திறந்ததால் பலருக்கு அது திறந்தது.

ஆகவே வீடுள்ளவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, வீட்டைக் காட்டுமுன் பெயரையும் ஊரையும் கேட்காதீர்கள். வீட்டைப் பார்த்தபின், வேலை என்ன, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். இரண்டாவது, உங்கள் நிபந்தனைகளைத் தாளில் எழுதி, வருகிற எல்லாருக்கும் ஒரே தாளைக் காட்டுங்கள். எழுத வெட்கப்படும் நிபந்தனை எதுவோ, அதைக் கைவிடுங்கள். மூன்றாவது, மறுக்க நேர்ந்தால் பொய் சொல்லாதீர்கள். உண்மைக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல நா எழவில்லையானால், அந்த மறுப்பே தவறு என்று அறிந்துகொள்ளுங்கள்.

வாடகைக்கு இருப்போரிடமும் ஒரு வார்த்தை. வாடகையை உரிய நாளில் கொடுங்கள். பொதுப் படிக்கட்டைச் சுத்தமாக வையுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் வீடு கிடைக்கவேண்டும் என்பதற்காக உங்கள் பெயரை மறைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வேறு பெயர் சொல்லப் பழக்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் கூரையின்கீழ் ஒருநாளும் நிம்மதியாய் உறங்கமுடியாது.

வெளியே ஒருவரை நிறுத்திவைத்துக் காக்கும் அமைதி, கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் கலைந்துபோகும். உள்ளே அழைத்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து உண்டாக்கும் அமைதிக்கு அந்தப் பயம் இல்லை. இந்த வாரம் உங்களில் ஒருவருடைய வாசலில் யாரேனும் வந்து, "மாடி வீடு காலியாக இருக்கிறதா?" என்று கேட்கலாம். காலியாக இருந்தால், இருக்கிறது என்று சொல்லுங்கள்.