மாற்றுத்திறனாளி மாணவர்களின் உரிமை: வழக்குத் தொடுத்தால்தான் வாசல் திறக்குமா?

புதுதில்லி: 2021-ஆம் ஆண்டு நீட் தேர்வில் மூன்று மணி நேரம் முடிந்ததும், அறையில் இருந்த அனைவரிடமும் வாங்கியதைப் போலவே அந்த மாணவியிடமிருந்தும் விடைத்தாள் வாங்கப்பட்டது. அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் மீதம் இருந்தது. டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுதல் குறைபாடு உள்ள அவருக்குக் கூடுதல் நேரம் விதிகளின்படியே உரியது. தேர்வு மையத்தில் அது மறுக்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை ஏற்றது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிட மறுத்தது. இழப்பை ஈடுசெய்யும் வழியை ஒரு வாரத்திற்குள் பரிசீலிக்குமாறு தேசிய தேர்வு முகமையைப் பணித்தது. உரிமை உறுதி செய்யப்பட்டது. பறிபோன மணி நேரம் திரும்பவில்லை.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடைமுறைக்கு வருகின்றன. முதலில் ஒருவர் பாதிக்கப்பட வேண்டும், பிறகு அவர் வழக்குத் தொடுக்க வேண்டும், அதன் பின்னரே அமைப்பு அசையும். கல்வியில் இந்த வரிசை குறிப்பாகக் கொடியது. வழக்கு முடியும்போது கல்வியாண்டும் முடிந்திருக்கும்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்று உறுதி செய்தது. அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தது. புதிய சட்டத்தில் அது 21 ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அது பழைய, குறுகிய வரையறையின் காலத்து எண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

'முயற்சி' என்ற சொல்

பள்ளிக்கல்வி குறித்த 16-ஆம் பிரிவைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல் உறுத்தும். அரசு நிதி பெறும் அல்லது அரசால் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்கள் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வழங்குவதற்கு அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் 'முயற்சி எடுக்க வேண்டும்' என்கிறது அது. தொடர்ந்து வரும் கடமைகள் தெளிவானவை: பாகுபாடின்றிச் சேர்க்கை, தடையற்ற கட்டடம், பார்வையற்ற மற்றும் செவித்திறனற்ற குழந்தைகளுக்கு உகந்த மொழியிலும் முறையிலும் கற்பித்தல், போக்குவரத்து வசதி. ஆனால் பிரிவின் வாயிலிலேயே 'முயற்சி' நிற்கிறது. முயற்சி செய்தோம், நிதி இல்லை என்ற பதிலை ஓர் அதிகாரி எளிதாக எழுதிவிட முடியும்.

முறையீட்டு அமைப்பும் வலுவானதாக இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர்கள் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரையை ஏற்காத துறை மூன்று மாதங்களுக்குள் காரணத்தைத் தெரிவித்தால் போதும். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய்.

இதன் வேர் அரசமைப்பு வரை செல்கிறது. பாகுபாட்டைத் தடைசெய்யும் 15-ஆம் உறுப்பில் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் இருக்கின்றன, உடற்குறைபாடு இல்லை. மாநிலப் பட்டியலில் மாற்றுத்திறனாளிகள் இடம்பெறும் இடம் 'நிவாரணம்' என்ற தலைப்பின் கீழ். சமத்துவமா, உதவியா என்ற குழப்பம் அரசு அலுவலகங்களில் இன்றும் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதியில் இருந்த ஓட்டை

கடந்த சில ஆண்டுகளின் தீர்ப்புகளில் மிக ஆழமானது 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் வந்ததே. பொது இடங்கள் தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் எட்ட வேண்டும் எனப் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பரில் நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஏழாண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறாததை ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கை அதே நீதிமன்றத்தின் முன் வைத்தது.

அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு இரண்டு கருத்துகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று அணுகல்தன்மை. இது யாரும் கேட்பதற்கு முன்பே அரசு செய்து வைத்திருக்க வேண்டியது. மற்றொன்று நியாயமான வசதி ஏற்பாடு. இது ஒரு தனிமனிதரின் குறிப்பிட்ட தேவைக்காக, அவர் கேட்கும்போது செய்து தருவது. பள்ளியின் நுழைவாயிலில் சாய்தளம் அமைப்பது முதல் வகை. தசைநோய் உள்ள ஒரு மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது இரண்டாம் வகை. முதலாவது சரியாக இல்லாத இடத்தில் ஒவ்வொரு குழந்தையும் எல்லாவற்றையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டியதாகிறது. 'முதலில் பாதிப்பு, பிறகு வழக்கு' என்ற வரிசை உருவாவது இங்குதான்.

சட்டம் அணுகல்தன்மையைக் கட்டாயமாக்குகிறது. 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1) விதியோ அதை வெறும் வழிகாட்டுதல்களாக நீர்த்துப்போகச் செய்தது என்று கூறி, அந்த விதி சட்டத்திற்கு முரணானது என அமர்வு தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களுக்குள் மத்திய அரசு கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் முடிந்த அந்தக் கெடுவுக்குள் விதிகள் வெளிவரவில்லை.

தாமதம் நமக்கு மட்டும் உரியதன்று. மத்திய அரசின் நிதி பெறும் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 504-ஆம் பிரிவை அமெரிக்கா 1973-இல் இயற்றியது. நடைமுறை விதிகளில் கையெழுத்து விழுந்தது 1977 ஏப்ரலில், அதுவும் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் மத்திய அரசு அலுவலகத்திற்குள் வாரக்கணக்கில் அமர்ந்து போராடிய பிறகு. ஆனால் அங்கு விதி வந்தபோது அதன் பின்னால் நிதி என்ற பிடி இருந்தது. பாகுபாடு காட்டும் நிறுவனம் அரசுப் பணத்தை இழக்கலாம். இந்தியாவிலும் அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் அரசுப் பணத்தில்தான் இயங்குகின்றன. அந்தப் பிடியை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்தவில்லை.

40 சதவீதமும் 80 சதவீதமும்

குறைபாட்டை மருத்துவச் சதவீதமாக மட்டும் பார்க்கும் பழக்கம் மற்றொரு தடை. இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்குச் சட்டம் 40 சதவீதத்தை வரம்பாக வைக்கிறது. எழுதும்போது கைத்தசைப் பிடிப்பு ஏற்படும் குறைபாடுள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வரிடம் அந்த 40 சதவீதம் இல்லை என்று கூறி, சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். நியாயமான வசதி ஏற்பாட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மருத்துவப் படிப்பில் இதே எண் எதிர்த்திசையில் வேலை செய்தது. பேச்சுக் குறைபாடுள்ள ஒரு மாணவர் ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் காட்ட வேண்டும். 40 சதவீதம் இருந்தாலோ படிக்கவே தகுதியற்றவர் எனப்பட்டார். எண்ணை வைத்து மட்டும் ஒருவரை ஒதுக்கக்கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்பதை மதிப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மருத்துவக் குழு அவரால் முடியும் என்றது, இடமும் கிடைத்தது.

நலத்திட்டங்களிலும் இந்த முரண் உண்டு. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதைப் பெற வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 80 சதவீதக் குறைபாடும் வேண்டும். சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ள ஒருவர் திட்டத்தின் கண்ணில் காணாமல் போகிறார்.

பலன்கள் கைப்பேசி வழியே வரும் காலத்தில் தடையும் அங்கே இடம் மாறியிருக்கிறது. கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னால் அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர் என்ன செய்வார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணு வசதிகளை அணுகுவது 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

வகுப்பறைக்குள்

கட்டடமும் செயலியும் ஒருபுறம் இருக்க, வகுப்பறையில் கற்பிக்க ஆள் வேண்டும். தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களின் எண்ணிக்கையை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆசிரியர் நியமனத்திற்கு முந்தைய படி அது. எத்தனை பேர் தேவை என்று எழுதி வைப்பதற்கே மூன்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இப்போது கவனிக்க வேண்டிய இடம் நீதிமன்றமல்ல, உள்ளாட்சி அலுவலகம். அணுகல்தன்மை விதிகளுக்கு உட்படாத வரைபடத்திற்கு அனுமதி தரக்கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்கச் சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசம், 2017 விதிகளின்படி கணக்கிட்டால் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த விதிகளே கட்டாயமானவையாக இருக்கவில்லை என்பது 2024-இல் தெரிய வந்தது. புதிய பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் மேசைக்கு வரும்போது, எந்த அளவைக் கொண்டு அதை நிராகரிப்பது என்று நகராட்சிப் பொறியாளர் கேட்டால், அவர் கையில் கொடுக்க வேண்டியது அந்தக் கட்டாய விதிகளைத்தான்.