ஆஸ்பத்திரி போர்டு மாறிடுச்சு... ஸ்பெஷலிஸ்ட் எங்கே? மலையேறி அல்லாடும் கூடலூர் நோயாளிகள்

கூடலூர்: காய்ச்சல், தலைவலி என்றால் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வந்தால் முடிஞ்சது வேலை. சர்க்கரை, கிட்னி, இருதயக் கோளாறு என்று ஆயுசுக்கும் ஒட்டிக்கிட்ட நோய்க்காரர்கள் கதை அப்படியில்லை. மாசா மாசம் டாக்டரைப் பார்த்தாகணும். அந்த டாக்டர் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டால்? கூடலூர், பந்தலூர் தாலுகா மக்களுக்கு இதுதான் தீராத தலைவலி.

ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது ஆஸ்பத்திரியும் திறந்தாச்சு. பழங்குடியினருக்கு தனி வார்டு வேறு. நல்ல விஷயம்தான், குறை சொல்வதற்கில்லை. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி என்ற அந்தஸ்து கூடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு கிடைத்தது. போர்டு மாறியது. ஸ்பெஷலிஸ்ட் போதவில்லை என்ற பழைய புகார் மட்டும் மாறவில்லை. பெரிய பிரச்சினை என்றால் ‘ஊட்டிக்குப் போ, கோவைக்குப் போ’ கதைதான்.

கூடலூரில் இருந்து ஊட்டி 50 கிலோ மீட்டர். மலைப்பாதையில் பஸ்சுக்கு 2 மணி நேரம் பிடிக்கும். சேரம்பாடி, எருமாடு பக்கத்து ஆட்கள் முதலில் கூடலூர் வந்து சேரணும். விடியக்காலை முதல் பஸ்சைப் பிடிக்க தேயிலைத் தோட்டத்து வழியாக நடந்தால், எந்தத் திருப்பத்தில் யானை நிற்குதோ என்ற பயம். மழைக்காலத்தில் நடுவட்டம் ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைய தேதி அவ்வளவுதான்.

கிட்னி செயலிழந்தவர்களுக்கு சாதாரணமாக வாரம் 3 தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். வருஷத்துக்கு 156 தடவை. உள்ளூரில் மெஷினோ ஆளோ இல்லை, ஊட்டிக்குப் போ என்று ஒருவரை அனுப்பினால், அவர் வருஷத்துக்கு 15 ஆயிரத்து 600 கிலோ மீட்டர் அலையணும். வாரத்தில் 3 நாள் கூலி போச்சு. கூடப் போகிற ஆளுக்கும் போச்சு. முதல்வர் காப்பீட்டு கார்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பஸ் காசுக்கும் போன கூலிக்கும் யார் கார்டு கொடுப்பது?

இன்னொரு கொடுமை சிக்கிள் செல். பரம்பரையாக வரும் ரத்த நோய். ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, குழாயில் அடைத்துக்கொண்டு உயிர் போகிற வலி கொடுக்கும். நீலகிரியில் பணியர், குறும்பர், இருளர் மக்களிடம் இது இருக்கிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, அடிக்கடி ரத்தம் பார்த்து அளவை சரி செய்யணும். குளிர் பட்டால் வலி கிளம்பும் என்கிறது மருத்துவம். கூடலூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். ஊட்டி 2 ஆயிரத்து 200 மீட்டருக்கு மேல். ஆக, வலிக்கு வைத்தியம் பார்க்க வலியைக் கிளப்புகிற குளிருக்கே அனுப்புகிறோம். இதை யோசித்தார்களா என்று தெரியவில்லை.

தூரம் மட்டுமா பிரச்சினை? என் பெரியப்பா இலங்கையில் இருந்து திரும்பி வந்து 30 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சவர். சர்க்கரை, அதனால் கிட்னியும் கெட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டர் 4 வருஷம் பார்த்தார். கால் வீக்கத்தைப் பார்த்தே ‘என்ன பெரியவரே, கருவாடு சாப்பிட்டீங்களா’ என்று கேட்பாராம். அவர் மாறிப் போனதும் வருகிற ஒவ்வொரு புது டாக்டரும் ‘எத்தனை வருஷமா சுகர்?’ என்று முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். நாலாவது ஆளிடம் சொல்லி அலுத்துப் போய் பெரியப்பா 3 மாசம் போகவே இல்லை. கிரியேட்டினின் எகிறியபிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

டாக்டர்கள் ஏன் தங்குவதில்லை? அவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. மலையில் வேலை பார்க்கிற அரசு டாக்டருக்கு மேற்படிப்பு சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. அதனால் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் வருகிறார்கள். அதே மதிப்பெண்ணை வைத்து மேற்படிப்புக்குக் கீழே இறங்குகிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் ஆனபிறகு திரும்ப ஏறி வர என்ன இருக்கிறது? வீட்டு வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூடம், தனியார் பிராக்டிஸ் எல்லாம் சமவெளியில்தானே. ஏறி வருவதற்கு ஊக்கம் கொடுத்தவர்கள், தங்குவதற்கு என்ன கொடுத்தார்கள்?

வசதி உள்ளவர்கள் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா என்று கேரளாவுக்குப் போய்விடுகிறார்கள். 2020 ஊரடங்கில் எல்லை மூடியபோது அந்த வழியும் அடைபட்டு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரியப்பாவுக்கும் வருது. மாத்திரை வரும், அதைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று சொல்லும் கிட்னி டாக்டர் வரமாட்டாரே!

புதுசாக எதையும் கட்டச் சொல்லவில்லை. ஊட்டி கல்லூரியிலோ கோவையிலோ இருந்து கிட்னி, இருதயம், ரத்த நோய் டாக்டர்கள் மாதம் 2 நாள், தேதி மாறாமல் கூடலூரில் வந்து உட்காரட்டும். முடிந்தவரை அதே டாக்டர் வரட்டும். ஒரு டாக்டர் ஜீப்பில் 50 கிலோ மீட்டர் இறங்கி வருவது சுலபமா, நோயாளிகள் 50 பேர் பஸ்சில் ஏறிப் போவது சுலபமா? சுகாதாரத்துறை அதிகாரிகள் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6 மணிக்கு ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். ஊட்டி பஸ்சில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் கையில் ஸ்கேன் கவர் இருக்கிறது என்று எண்ணினால் போதும்.