கம்பெனி மாத்தினா இளைச்சிடுவீங்களா?

"மாத்திரை கம்பெனிய மாத்தினேன், மூணே நாள்ல தெம்பு வந்துடுச்சு, இளைச்சும் போயிட்டேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, எங்கம்மாவும் டாக்டரைக் கேட்காமலே மாற்றிவிட்டார். மூணு நாளா?! லெவோதைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். மாற்றத்தின் பலன் டி.எஸ்.எச். பரிசோதனையில் சரியாகத் தெரிய 6 வாரமாவது வேண்டும். தைராய்டு குறைவால் ஏறும் எடையும் பொதுவாகச் சில கிலோதான். அதில் பெரும்பங்கு உப்பும் நீரும். இளைக்கலாம் என்று அளவைக் கூட்டினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு பலவீனமாகும்.

அம்மாவிடம் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "காபி எப்பம்மா குடிப்பீங்க?" மாத்திரையை விழுங்குவதே காபியில்தான்! காபி மருந்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது கம்பெனியை அல்ல மக்களே, காபி நேரத்தை!