விவசாயியின் வீடு ஏலத்துக்கு வராதா?

"விவசாயியின் வீட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது" என்ற பேச்சு நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. இதில் பாதிதான் உண்மை. மறு பாதியை அறியாமல் வீட்டை இழப்பவர்கள் ஒரு பக்கம். பத்திரிகையில் பாங்கி ஏல விளம்பரத்தைப் பார்த்து, "மலிவாக வீடு கிடைக்கிறதாமே" என்று சேமிப்பை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் மறு பக்கம். ஏலம் என்பது தேதியாலும் பத்திரத்தாலும் நடக்கும் காரியம். இவ்விரண்டையும் கவனிக்காதவர் எந்தப் பக்கம் நின்றாலும் நஷ்டப்படுவார்.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, விவசாயி தான் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட்டு ஜப்தியிலிருந்து காக்கிறது. புரோநோட்டுக் கடனுக்கு டிக்ரி வாங்கியவர் அந்த வீட்டில் கை வைக்க முடியாது. ஆனால் அந்த வீட்டையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது.

2002-ம் ஆண்டில் வந்த சர்பாசி சட்டம், பாங்கிகளும் வீட்டுக் கடன் கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விட வழி செய்தது. கூட்டுறவு பாங்கிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் சிட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நிலத்தில் உண்மையாகவே விவசாயம் நடக்க வேண்டும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பாங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியும் அடைபடவில்லை. ஆக, இந்தச் சட்டத்தில் உழுகிற வயல் தப்பும். அடமானம் வைத்த வீடு தப்பாது. மகனின் கடைக்கோ, டிராக்டருக்கோ வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது தேதிக் கணக்கு. வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். அதன்பின் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வரும். இந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், பரண் மேல் போட்டு வைப்பதும் பெரிய தவறு. கணக்கில் தப்பு இருந்தாலோ, தவணை மாற்றம் தேவைப்பட்டாலோ எழுத்து மூலம் பாங்கிக்குத் தெரிவிக்கலாம். அதற்கு 15 நாட்களுக்குள் பாங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். எழுதிய கடிதத்தின் நகலும், பாங்கி முத்திரையிட்ட ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.

60 நாள் கடந்தால் பாங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் செய்வார்கள். இதை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது.

இன்னொரு தேதி மிக முக்கியம். முன்பெல்லாம் ஏலம் நடக்கும் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்றிருந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே பாக்கி முழுவதையும் செலவோடு கட்டினால்தான் மீட்கும் உரிமை உண்டு. "ஏலத்தன்று பார்த்துக்கொள்ளலாம்" என்று அறுவடைப் பணத்துக்குக் காத்திருப்பவர் ஏமாந்து போவார்.

இனி, வாங்க நினைப்பவருக்கு. ஏல வீட்டின் விலை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையோடுதான் பாங்கி விற்கிறது. விளம்பரத்தில் "அடையாளச் சுவாதீனம்" என்று இருந்தால், வீட்டுக்குள் இன்னும் ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவரை வெளியேற்ற பாங்கி கலெக்டரிடமோ, தலைமைக் குற்றவியல் மாஜிஸ்திரேட்டிடமோ போக வேண்டும். அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். பாகப்பிரிவினை ஆகாத குடும்ப வீடாக இருந்தால் உடன்பிறந்தவர் வழக்கும் வரலாம். பழைய மின் கட்டணப் பாக்கியைக் கூட, மின்வாரிய விதிகள் இடம் கொடுத்தால், புதிதாக வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2023-ல் கூறியிருக்கிறது.

பணம் கட்டும் கெடுவும் கடுமையானது. 20 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தால், முன்பணத்தையும் சேர்த்து கால் பங்கான 5 லட்சத்தை அன்றோ, அடுத்த வேலை நாளிலோ கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியானபின் மீதி 15 லட்சத்துக்கு 15 நாள் கெடு. பாங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம். தவறினால் கட்டிய பணம் போய்விடும். கரும்புப் பணம் வரும், நகையை வைத்துப் புரட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் ஏலத்தில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

கையில் ரொக்கம் இருந்து, குடியிருக்க வீடும் தேவைப்படுகிறவர் இறங்கலாம். அவரும் வில்லங்கச் சான்று போட்டு, மூலப் பத்திரங்களை வக்கீலிடம் காட்டி, வீட்டை நேரில் பார்த்து, தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா என்று விசாரித்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். லாபத்துக்கு மறுவிற்பனை செய்யும் வியாபாரம் சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல.

கஷ்டப்பட்டவன் வீட்டை வாங்குவது பாவமா என்று சிலர் தயங்குவதுண்டு. நல்ல விலைக்கு ஏலம் போனால் கடன்காரருக்கும் நன்மையே. கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை அவருக்கே சேர வேண்டும். குறைந்த விலைக்குப் போனாலோ, வீடும் போய், மீதிக் கடனுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாலு பேர் கூடிப் பேசி, போட்டியில்லாமல் அடிமட்ட விலைக்கு ஏலம் எடுப்பதுதான் பாவம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கடனைக் கட்ட முடியாது என்று தெரிந்தவுடன், ஏல அறிவிப்பு வரும் முன்பே, பாங்கியின் எழுத்து மூலமான சம்மதத்தோடு வீட்டைத் தாமே விற்பது. 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தச் சம்மதம் இல்லாமல் விற்கவே கூடாது. வாங்குபவர் கொடுக்கும் பணம் நேராகக் கடன் கணக்கில் சேரட்டும். மீதியை வீட்டுக்காரர் பெறட்டும். விற்பவருக்குக் கௌரவமான விலை கிடைக்கும். வாங்குபவருக்குச் சண்டையில்லாத சுவாதீனம் கிடைக்கும். பாங்கிக்கும் அலைச்சல் மிச்சம்.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸ்கள் விவசாயிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். மீட்பதற்குக் கடைசி நாள் எது என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். வீட்டை அடமானம் வாங்கும் அன்றே, தவறினால் என்ன நடக்கும் என்று குடும்பத்தாரை உட்கார வைத்து விளக்க வேண்டும். விதைக்கும் முன் பருவம் பார்க்கிற விவசாயி, கையெழுத்துப் போடும் முன் கெடுவையும் பார்ப்பான். அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.