அவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்!



இந்தப் பகுதியில் மார்பகப் பரிசோதனை பற்றியும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியும் சகோதரிகள் பலர் எழுதிப் படித்திருக்கிறேன். படித்ததோடு நிற்காமல், நானும் போய்ப் பரிசோதனை செய்து கொண்டவள்தான். அன்று என்னை ஸ்கூட்டரில் கூட்டிக் கொண்டு போனது என் கணவர். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வந்து, "ஒண்ணுமில்லையாம்" என்று சொன்னதும், முகமெல்லாம் மலர்ந்து, வழியில் ஓட்டலில் நிறுத்தி காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவரும் தன் உடம்பைப் பற்றி ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இன்று அவர் இல்லை. போய் இரண்டு வருஷம் ஆகிறது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்.

'இது ஆம்பளைங்க சமாச்சாரம், பெண்கள் பக்கத்தில் எதுக்கு?' என்று சிலர் நினைக்கலாம். பெண்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன். காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும்.

அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. விடிகாலையில் நாலு கிலோ மீட்டர் நடப்பார். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், ராத்திரியில் பாத்ரூம் விளக்கு அடிக்கடி எரிவதை நான் கவனித்தேன். முதலில் ஒரு தடவை, பிறகு இரண்டு, மூன்று. போனால் சீக்கிரம் வருவதும் இல்லை. கேட்டால், "வயசாயிடுச்சுல்ல... நீ தூங்கு" என்பார்.

நானும் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். 'உடம்புச் சூடு' என்று சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து விட்டேன். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி எல்லாம் கொடுத்தேன். ராத்திரி மோர் குடிக்க விடாமல் செய்தேன். கடைசியில், 'சர்க்கரை வியாதியாக இருக்குமோ' என்று பயந்து லேபில் ரத்தம் கொடுக்கச் சொன்னேன். சுகர் நார்மல் என்று வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். டாக்டரிடம் மட்டும் போகவில்லை!

மூன்று வருஷம் கழித்து முதுகு வலி என்றார். தைலம் தேய்த்தோம். பெல்ட் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, யூராலஜி டாக்டரிடம் போகச் சொன்னார். முதுகு வலிக்கு ஏன் மூத்திர டாக்டர் என்று எங்களுக்குப் புரியவே இல்லை. பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 4-க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்கிற அந்த எண், அவருக்கு 280 இருந்தது. நோய் முதுகெலும்புக்கே போய்விட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி அது. வயதானால் அநேகம் பேருக்கு அது சாதாரணமாகவே வீங்கும். அதனால்தான் ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவதும், சொட்டுச் சொட்டாகப் போவதும். அந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோயோ, ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் இருக்குமாம்.

"அப்போ ராத்திரி எழுந்து போனது?" என்று கேட்டேன்.

"அது சாதாரண வீக்கத்தால்கூட இருந்திருக்கலாம்மா. ஆனா, அதுக்காக அப்பவே இங்க வந்திருந்தீங்கன்னா, இதையும் சேர்த்துப் பார்த்திருப்போம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தாரே, அன்றைக்கு அதே ஊசியில் இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்திருந்தால் போதும்! அதற்காக அவர் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால், எலும்புக்குப் போவதற்கு முன்னால் தெரிந்திருந்தால், குணப்படுத்தப் பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது, நோயைக் கட்டுக்குள் வைக்கும் சிகிச்சை மட்டும்தான். ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு மாதக்கணக்கில் ஊசி, இல்லையென்றால் ஒரு சின்ன ஆபரேஷன் என்றார்கள். ஊசியின் விலையைக் கேட்டதும் அவர் ஆபரேஷனையே செய்து கொண்டார். இரண்டரை வருஷம் இருந்தார். கடைசி நாட்களில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக் கொண்டு, "வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்" என்றார். எதற்கு வெட்கம், யாரிடம் வெட்கம் என்று எனக்கு அழுகையாக வந்தது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதியாக இருந்த மித்தரானுக்கு, பதவிக்கு வந்த 1981-லேயே இந்த நோய் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால், 1992 வரை நாட்டுக்கே சொல்லாமல் மறைத்தார். 1996-ல் இறந்தார். தென்னாப்பிரிக்காவின் மண்டேலா அதற்கு நேர் எதிர். 2001-ல் தனக்கு இந்த நோய் என்பதை உலகத்துக்கே சொல்லிவிட்டு, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக் கொண்டார். அதற்குப் பிறகு 12 வருஷம் இருந்து, 2013-ல் 95 வயதில்தான் மறைந்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பைடனுக்கு 2025 மே மாதம் 82 வயதில் தெரிந்தபோது, அது எலும்புக்குப் பரவியிருந்தது. உலகம் முழுக்க 2022-ல் மட்டும் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் ஆண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் புராஸ்டேட்டுக்கு யாரும் வீடு தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'இந்த டெஸ்டே வேண்டாம்' என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பி.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சாதாரண வீக்கத்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் கூடும். புற்றுநோயாகவே இருந்தாலும், சில வகைகள் மிக மெதுவாக வளர்ந்து, ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமலே இருந்துவிடும். அதற்கெல்லாம் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்யப் போய், சிறுநீர் கசிவதும் தாம்பத்தியம் கெடுவதுமாகச் சிரமப்பட்டவர்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2012-ல் 'வேண்டாம்' என்றது. அதே குழு 2018-ல், '55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்து கொள்ளலாம். 70-க்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டாம்' என்று மாற்றிச் சொன்னது. ஐரோப்பாவில் பெரிய அளவில் நடந்த ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஆண்களிடையே, இந்த நோயால் இறப்பது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது.

இப்போது முன்போல் எடுத்தவுடன் கத்தி வைப்பதில்லை. மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள், சந்தேகம் இருந்தால்தான் சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். மெதுவாக வளரும் வகையென்றால், சிகிச்சை இல்லாமல் கண்காணித்தே வருகிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. என் கொழுந்தனுக்கு வயது 62. அண்ணன் காரியம் முடிந்த பதினாறாம் நாளே அவரைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க போய் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றேன். "அண்ணி, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே!" என்றார். "உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. ஆனாலும் ஆறு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் அவர் சம்சாரம்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனாள். பி.எஸ்.ஏ. 6-க்கு மேல். ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் முடிந்து, 'ஆரம்ப நிலை, மெதுவாக வளரும் வகை, இப்போதைக்குக் கண்காணித்தால் போதும்' என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் வருகிறார். "இத்தனை செலவு பண்ணிப் பார்த்து, கடைசியில ஒண்ணுமே செய்யலையே அண்ணி!" என்று சிரிக்கிறார். ரிசல்ட் வருகிற நாட்களில் தூங்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், அவருக்கு இருப்பது அவருக்குத் தெரிகிறது. என்னவருக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

அடுத்தது என் மகன். வயது 44. அப்பாவுக்கோ, கூடப் பிறந்தவருக்கோ இருந்தால், 50 வரை காத்திராமல் 45 வயதிலேயே டாக்டரிடம் பேச வேண்டுமாம். நெருங்கிய உறவில் ஒருவருக்கு மேல் இளம் வயதில் வந்திருந்தால் 40-லேயே. அம்மா வழியில் மார்பகப் புற்றுநோயோ, சினைப்பைப் புற்றுநோயோ பலருக்கு வந்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு பெண்களுக்கு அந்த நோயையும், ஆண்களுக்கு இந்த நோயையும் கொண்டு வருமாம். குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்கிற கணக்கெல்லாம் நம் வாயில்தானே இருக்கிறது!

நான் இதைப் பேச்செடுத்தபோது மகன், "ஐயோ அம்மா, இதெல்லாம் நீங்க பேசற விஷயமா?" என்று எழுந்து போய்விட்டான். அவன் வயதுக்கு வரும்வரை குளிப்பாட்டி விட்டவள் நான். என்னிடம் அவனுக்கு வெட்கம்! மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஆடியில் அவனுக்கு 45. அந்த மாதமே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் 50 வயதைத் தாண்டிய ஆண் இருந்தால், அடுத்த முறை சுகருக்கோ, கொழுப்புக்கோ ரத்தம் கொடுக்கப் போவதற்கு முன்னால், 'பி.எஸ்.ஏ.யும் பார்க்கலாமா?' என்று குடும்ப டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் செலவு. சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் இருந்தால் அது சரியான பிறகு பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கோ, முடி கொட்டுவதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். எண் கூடியிருந்தால் உடனே அழ வேண்டாம். மறு பரிசோதனைக்குப் போங்கள். ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பது, நின்று நின்று போவது, சிறுநீரில் ரத்தம், விடாத முதுகு வலி... இவை இருந்தால் டெஸ்டுக்கு நாள் பார்க்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

பெண்கள் பக்கத்துக்கு ஏன் எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஆண்கள் இதை டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். சிநேகிதனிடமும் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் பாத்ரூம் விளக்கு எத்தனை முறை எரிகிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். நான் எண்ணினேன். ஆனால் அதை டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை மடித்து, அவர் காபி குடிக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். நேரில் பேச வெட்கமாக இருந்தால், என் கடிதமே பேசட்டும்!

— ஒரு வாசகி,
கும்பகோணம்.