வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

"பறவை பார்ப்பது ஒரு வேலையா? வயிறு நிறைந்தவர்கள் பொழுது போகாமல் செய்கிற காரியம்" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அவருக்கு என் பதில்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத்தில் சேரக்கூடிய சிற்றூர் எங்களுடையது. கார்த்திகை பிறந்து, மழை ஓய்ந்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து குளங்கள் நிறையத் தொடங்கியதும் கரையில் போய் நின்று பாருங்கள். விடியற்காலை பனி மூட்டத்தில் முதலில் ஒலிதான் கேட்கும். பிறகு மெல்ல மெல்ல உருவங்கள் தெளியும். நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட நாமக்கோழிகள், வாலை ஊசிபோல் நீட்டிய ஊசிவால் வாத்துகள், அகப்பை போன்ற அலகால் நீரை அரித்து உண்ணும் தட்டைவாயன்கள், சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான்கள். இவற்றுக்கு நடுவே, உடல் சாம்பல் நிறமாய், தலை வெண்மையாய், பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு கம்பீரமாக நீந்துபவைதாம் வரித்தலை வாத்துகள்.

மங்கோலியாவிலும் திபெத்தின் ஏரிக்கரைகளிலும் குஞ்சு பொரித்து, அங்கே நீர் உறையத் தொடங்கும் முன் தெற்கே புறப்படுபவை இவை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை கட்டி விடப்பட்ட வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் காணப்பட்டிருக்கின்றன. நடுவில் இமயமலை நிற்கிறது. இவை எவரெஸ்டின் உச்சிக்கு மேலாகப் பறக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பறவைகளின் உடலில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. அதிகபட்சமாக 7,290 மீட்டர் உயரம் பதிவாகியிருக்கிறது என்றாலும், பெரும்பாலும் அவை மலைச்சரிவை ஒட்டியே ஏறியும் இறங்கியும் கடக்கின்றன. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும் பறப்பதையே விரும்புகின்றன. குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் தன்மை அவற்றின் ஹீமோகுளோபினுக்கு உண்டு. நாம் வகுப்பில் சுவாசம் என்ற தலைப்பில் மனப்பாடம் செய்வதெல்லாம் இங்கே உயிரோடு நம் குளத்தில் நீந்துகிறது!

முதலாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்முறை வகுப்பில், தெரிந்த நீர்ப்பறவைகளின் பெயர்களைச் சொல்லுமாறு ஆசிரியர் கேட்டார். இருபது பறவைகளாவது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுக்கும் ஆங்கிலப் பெயர் தெரியாது. ஊரில் சொல்லும் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அஞ்சி வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர்களையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் என் தந்தை. அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எந்தப் பறவை எந்த மாதம் வரும், எது பகலில் மேயும், எது இரவில் மேயும், எது கூட்டத்துக்குக் காவல் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். வந்த முதல் ஆண்டே அவருடைய அறிவை மறைத்து வைத்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அதே தந்தைக்கும் எனக்கும் சென்ற மார்கழியில் சண்டை வந்தது. காரணமும் இந்த வாத்துகளே. பகலெல்லாம் குளத்தில் ஓய்ந்திருக்கும் இவை அந்தி சாய்ந்ததும் வயலில் இறங்கும். அப்போது பிசான நடவு முடிந்து இளம்பயிர் நிற்கும் காலம். நாங்கள் குத்தகைக்குப் பயிரிடுவது ஒரு ஏக்கருக்கும் குறைவு. ஒரே இரவில் வாய்க்காலோரப் பாத்தி முழுவதும் மேய்ந்து போயிருந்தன. தந்தை தகரத்தைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் வரப்பில் நின்றார். விடுமுறைக்குப் போயிருந்த நான், "விரட்டாதீங்க அப்பா, ரொம்ப தூரத்திலிருந்து வருதுங்க" என்றேன். அவர் சொன்னார்: "பட்சி பசியாறுனா புண்ணியந்தாம்ல. ஆனா அந்தப் புண்ணியத்த நம்ம வயல்ல மட்டுமா எழுதி வச்சிருக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை இல்லை.

நம் நாட்டுப் பாமர மக்கள் பறவைகளுக்குப் பகைவர்கள் அல்லர். வேடந்தாங்கல் மக்கள், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாகி, பின்னர் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவ்வூரார் தங்கள் வீட்டு மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்ட இடம் கொடுத்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்தார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் பயிருக்கு நல்ல எரு என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எருவான நீர் ஆயக்கட்டு முழுவதற்கும் பாய்கிறது. வாத்து மேய்ந்த பாத்தியோ ஒருவருடையது. பார்க்க வருபவர்கள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள், ஊருக்குப் பெயர் கிடைக்கிறது, நட்டம் மட்டும் ஒரு குத்தகைக்காரர் தலையில் விழுகிறது. யானையும் பன்றியும் அழித்த பயிருக்கு ஈடு கேட்கிறோம். வாத்து மேய்ந்த நாற்றுக்காகவும் கேட்பதே நியாயம். பறவைகளைக் கொல்லக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது சரியான சட்டம். ஆனால் சட்டம் காவலுக்கு மட்டும் போதும், அன்புக்குப் போதாது. உழவனின் நட்டத்தைச் சமூகம் பகிர்ந்துகொண்டால்தான் அவன் மனத்தில் அந்தப் பறவை விருந்தாளியாகவே நிலைக்கும்.

நாம் என்ன செய்யலாம்? என் எளிய கருத்துகள் இரண்டு. ஒன்று, ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தை வரை, விலங்கியல் மாணவர்கள் அவரவர் ஊர்க் குளத்தில் மாதம் ஒரு காலை பறவைகளை எண்ணி ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். சரணாலயக் குளங்களை எண்ண அதிகாரிகள் வருவார்கள்; பெயரில்லாத நம் ஊர்க் குளங்களை நாம்தான் எண்ண வேண்டும். அவை தூர்ந்துபோனால் விருந்தாளிகள் இறங்க இடமேது? இரண்டு, அந்தப் பதிவேட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: அந்த மாதம் யாருடைய பயிர், எவ்வளவு மேயப்பட்டது என்று. கணக்கு கையில் இருந்தால்தான் ஈடு கேட்க வாய் வரும். பறவையின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதுவோம், ஊரார் சொல்லும் பெயரிலும் எழுதுவோம்.

என் பதிவேட்டை இந்தக் கார்த்திகையில் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்துக்கு என் தந்தை பெயர்களைச் சொன்னார், நான் எழுதினேன். வரித்தலை வாத்து 43 என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் எங்கள் வயலின் பெயரையும் எழுதினேன். அவர் என் தோள் வழியே எட்டிப் பார்த்து, "நம்ம பாத்தியும் இதுல வருதால?" என்று கேட்டார். "வருது அப்பா" என்றேன். அன்றிரவும் அவர் வரப்புக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

கேலி செய்த நண்பரே, பறவை பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. அது எங்கள் வரப்பில் நடக்கிற காரியம். வரும் மார்கழியில் நீங்களும் வாருங்கள்.