பாலுக்கு வாசல் உண்டு, படிப்புக்கு?

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது! இந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். டில்லியை நோக்கி நீட்டிய அந்தச் சுட்டுவிரலைச் சற்றே மடக்கி, சென்னை மாநகரத்தின் வரைபடத்தின் மீது வைத்துப் பாருங்கள், தோழர்களே! இங்கே கதை தலைகீழ். தெற்கு வாழ்கிறது, வடக்கு தேய்கிறது!

1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த பொறியியல் கல்லூரி எங்கே இருக்கிறது? கிண்டியில். 1857-ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம்? சேப்பாக்கத்தில். தோல் ஆராய்ச்சி நிலையம்? அடையாற்றில். 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி.? குரோம்பேட்டையில். 1959-ல் வந்த ஐ.ஐ.டி.யும், 1978-ல் வந்த அண்ணா பல்கலைக்கழகமும் மறுபடி அந்தக் கிண்டிப் பக்கம்தான். சரி, வடக்கே என்ன வந்தது? ராயபுரத்தில் 1856-ல் ரயில் வந்தது. துறைமுகம் வந்தது. பெரம்பூரில் பின்னி ஆலை வந்தது; வந்தது மட்டுமா, 1996-ல் மூடியும் போனது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையம் 1970-ல் வந்து, 2017-ல் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் சாம்பல் மட்டும் ஊரைவிட்டுப் போக மறுக்கிறது! கொடுங்கையூரில் குப்பை மலை வந்தது. தெற்கே பட்டம், வடக்கே புகை. இரண்டும் மேலே பறப்பவைதாம். ஒன்று பிள்ளையைத் தூக்கிச் செல்கிறது, இன்னொன்று பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்குகிறது.

ஒன்றுமே இல்லை என்று சாதிக்க மாட்டோம். 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வந்தது. 1950-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி. 1964-ல் பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி. வியாசர்பாடியில் அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசுக் கல்லூரி. பாட்டாளி வீட்டிலிருந்து முதல் முதலாகப் பட்டம் வாங்கியவர்களை வடசென்னையில் எண்ணிப் பாருங்கள். பாதிப்பேர் இந்த நான்கு வாசல்களில் ஏதோ ஒன்றில் நுழைந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை, பெரம்பூரிலிருந்து மணலி வரை பரந்து கிடக்கும் இத்தனை பெரிய உழைப்பாளர் பூமிக்கு விரல்விட்டு எண்ணும் வாசல்கள் போதுமா?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நம் வாசலிலேயே ஒரு பல்கலைக்கழகம் உட்கார்ந்திருக்கிறது! துறை அல்ல, அதன் தலைமையகமே மாதவரம் பால் காலனியில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் என்பது அதன் பெயர். பேருந்தில் அந்தப் பக்கம் போகிற தொழிலாளி பலகையைப் படிக்கிறான், மதிற்சுவரைப் பார்க்கிறான், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறான்.

அதன் வரலாறு சிறிதல்ல. 1903-ல் வெள்ளையர் ஆட்சியில் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் தரும் தகுதி பெற்றது. 1976-ல் அதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வைத்தார்கள்; கல்லூரி வேப்பேரியில், எசமான் கோயம்புத்தூரில்! 1989-ல் கலைஞர் ஆட்சியில்தான் அதற்கு விடிவு பிறந்தது. செப்டம்பர் 20-ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. இந்தியாவிலேயே கால்நடைக்கென முதல் பல்கலைக்கழகம். மாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகமா என்று உதட்டைச் சுழிப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரே ஒரு பசுவின் மடியை நம்பி அடுப்பெரிக்கும் கைம்பெண்ணிடம் போய் அவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

மாதவரத்து வளாகத்தில் என்ன நடக்கிறது? மிருகத்திடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்களை ஆராய்கிறார்கள். தடுப்பு மருந்து ஆராய்ச்சி நடக்கிறது. கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அக்கம்பக்கத்து மக்கள் ஆட்டையும் நாயையும் கொண்டு போகிறார்கள். கோழி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். முன்பு அது நந்தனத்தில் இருந்தது. நந்தனம் கோழி என்று அங்கே வளர்த்த இனத்துக்குப் பெயரே வந்துவிட்டது. பாருங்கள், கோழிகூடத் தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்துவிட்டது. கல்லூரி வகுப்புதான் வர மறுக்கிறது! ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டம் படிக்க வேண்டுமா? வேப்பேரிக்குப் போ. பால் தொழில்நுட்பப் பட்டமா? செங்குன்றத்துக்கும் அப்பால் கோடுவள்ளிக்குப் போ. நடுவே மாதவரம் அலுவலகமாகவும் ஆய்வுக்கூடமாகவும் நிற்கிறது.

"வேப்பேரி ஒரு பஸ் தூரம்தானே ஐயா, இதற்கா இவ்வளவு கூச்சல்?" என்று கேட்பார்கள். பஸ் அல்ல சிக்கல், இடம்தான் சிக்கல். வேப்பேரியில் இருப்பது நூற்றுச் சொச்சம் இடம். அதற்குத் தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். போட்டியிடட்டும், அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கிக் கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு 2021-ல் சட்டம் வந்ததே, அப்படி நுழையும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்களே, அது பெரிய காரியம். ஆனால் மருத்துவராகப் போகிற பிள்ளை ஒன்று என்றால், மற்றத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் எங்கே போவது? பட்டத்துக்கும் தினக்கூலிக்கும் நடுவே படியே கிடையாதா?

அந்த நடுப்படியைத்தான் மாதவரத்தில் கட்டச் சொல்கிறோம். பக்கத்திலேயே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. காசிமேட்டில் மீன் இறங்குகிறது. ஐஸ் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன, இறைச்சிக் கூடங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவன் யார்? நம் தோழன். இருபது ஆண்டு அந்த இயந்திரத்தோடு குடும்பம் நடத்தியிருப்பான். ஓசையைக் கேட்டே நோவு எங்கே என்று சொல்லிவிடுவான். ஆனால் கையில் காகிதம் இல்லை. ஆகவே மேற்பார்வையாளர் நாற்காலி நேற்று வந்த வேறொருவருக்கு, ஒப்பந்தக் கூலி இவனுக்கு! பால் பதனிடுதல், குளிர்பதன இயந்திரம், ஆய்வுக்கூட உதவி, இறைச்சித் தூய்மை ஆகியவற்றில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கட்டும். பகலில் பிள்ளைக்கு, மாலையில் தகப்பனுக்கு. பல்கலைக்கழகம் குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிகளை இன்றும் நடத்துகிறது. அது நமக்குத் தெரியும். சில நாள் பயிற்சி ஒருவனுக்குக் கோழிப் பண்ணை வைக்க உதவும். தொழிற்சாலையில் பதவி உயர்வு கேட்க அது உதவாது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. 1862-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாரில் சட்டம் என்பார்கள். மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அந்த நிலத்தை விற்று வரும் பணத்தில் உழவும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை எழுப்பச் செய்தது அது. யாருக்காக? தொழில் செய்து பிழைக்கும் வகுப்பாருக்காக என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். (அந்த நிலமெல்லாம் செவ்விந்தியரிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம், சரித்திரத்தைப் பாதி சொல்வது நமக்கு வழக்கமில்லை.) அந்த அமெரிக்க முறையைப் பார்த்துத்தான் 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் எழுந்தது. கோவை அந்த வழியில் வந்தது. கோவையிலிருந்து பிரிந்தது மாதவரம். ஆக, பாட்டாளிக்குப் பாடம் சொல்வது இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பிறவிக் கடமை. யாரிடமும் நாம் சலுகை கேட்கவில்லை.

இன்னொரு தடையும் சொல்வார்கள். கிருமியை வைத்து ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் ஊரை எப்படி உள்ளே விடுவது என்பார்கள். கிருமிக் கூடத்தின் சாவியை யாரும் கேட்கவில்லையே! வளாகத்தின் ஓர் ஓரத்தில், தெருவைப் பார்த்த வாசலோடு, வகுப்பறைக் கட்டடம் ஒன்று போதும்.

ஏன் இப்போது அவசரப்படுகிறோம்? மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் இரண்டு பாதைகள் மாதவரம் பால் காலனியில்தான் தொடங்குகின்றன. ஒன்று சிறுசேரி வரை, 45 கிலோமீட்டருக்கு மேல். மற்றொன்று சோழிங்கநல்லூர் வரை. நல்லது. வடக்கே ரயில் வருவதை வரவேற்கிறோம். ஆனால் ரயில் எதை ஏற்றிச் செல்லப் போகிறது? காலையில் நம் பிள்ளையைத் தெற்கே கொண்டுபோய்க் கணினிக் கம்பெனி வாசலில் காவல்காரனாக நிறுத்திவிட்டு, இரவு திருப்பிக் கொண்டுவந்து போடப் போகிறதா? அல்லது சிறுசேரிக்காரர் பிள்ளையும் ஒருநாள் படிப்புக்காக வடக்கே ஏறி வரப்போகிறதா?

ரயிலோடு சேர்ந்து இன்னொன்றும் வரும்: மனை விலை. 2011-ல் மாதவரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. இனி மெட்ரோ. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தாவு தாவுகிறது நிலத்தின் விலை. பசுவுக்கும் படிப்புக்கும் ஒதுக்கிய பூமி, வெற்றிடம் என்று யாருடைய கண்ணுக்காவது படத் தொடங்கும். வெற்று நிலத்தைக் காப்பது கடினம். நானூறு பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் நிலத்தில் கைவைக்க எவனுக்கும் துணிவு வராது. ஆட்சி நாற்காலியில் யார் அமர்ந்திருந்தாலும், பல்கலைக்கழக நிலம் கல்விக்கே என்று எழுத்தில் வாங்கியாக வேண்டும்.

வட்டக் கழகத் தோழர்களே! மாதவரம், மணலி, திருவொற்றியூர், ராயபுரம், பெரம்பூர்ப் பகுதிகளில் வீடு வீடாகச் செல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மேலே படிக்காமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், பத்தாம் வகுப்போடு ஆலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மாலை வகுப்பு வைத்தால் வருவேன் என்கிற தொழிலாளர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். வயதையும் செய்யும் தொழிலையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படியைக் கால்நடைத் துறை அமைச்சருக்கும், ஒரு படியைத் துணைவேந்தருக்கும், ஒரு படியை மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்புங்கள். தபாலில் அல்ல, கையில் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கி வாருங்கள்.